அப்பத்தா ஏன் அழுதார்?

மாணவர்களே, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூற்பாலை வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அப்பத்தா தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறார். அவருக்குப் பிடித்த கதாநாயகன் விபத்தில் இறந்துவிடுகிறான். "இந்தப் பிள்ளையைக் கொன்னவன் நல்லா இருப்பானா?" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "வெறும் கதைதானே!" எனப் பேரன் சிரிக்கிறான்.

இது சிரிக்க வேண்டிய செய்தியா? 2001இல் 'கியோங்கி சாஸ் பி கபி பஹூ தி' என்னும் இந்தித் தொடரில் மிஹிர் விரானி இறந்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். மிஹிரை உயிருடன் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று! 1893இல் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் மடியச் செய்த கோனன் டாயிலும், வாசகர்களின் வற்புறுத்தலால் 1903இல் அவரை மீட்டுவந்தார்.

காரணம் என்ன? டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல் இதை விளக்கினார்கள். ஒரு முகத்தையும் குரலையும் அடிக்கடி கண்டும் கேட்டும் பழகினால், அவரை நெருங்கியவராகவே மனம் கருதத் தொடங்குகிறது. நாம் அவரை அறிவோம். அவர் நம்மை அறியார். இதை 'ஒருவழி உறவு' எனலாம். கதாபாத்திரம் கற்பனைதான். ஆனால், அதனோடு பழகிய பழக்கம் உண்மை. பிரிவின் வலியும் உண்மை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் அப்பத்தா தினமும் தொடர் பார்க்கும் நிமிடங்களையும், நீங்கள் அவருடன் பேசும் நிமிடங்களையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். எது அதிகம்?