அசைபோடும் வயிறும் பூஞ்சண நஞ்சும்

மனிதர் உண்ணத் தகாதென ஒதுக்கியதை மாட்டுக்கு இடுதல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வடகீழ்ப் பருவமழை விடாது பெய்யும் மார்கழி மாதத்தில் வைக்கோற்போர் நனைந்து கறுக்கும். சாக்கிலுள்ள தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் ஈரங்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். அவற்றை வீசியெறிய மனமில்லாதார், மாட்டின் வயிறு எதையும் தாங்கும் எனத் தேறுவர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூஞ்சணம் வேறு; அது தோற்றுவிக்கும் நஞ்சு வேறு. பூஞ்சணத்தைத் துடைத்து நீக்கினாலும் நஞ்சு தீனியுள் தங்கிவிடும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் புண்ணாக்கில் அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணம் விளைவித்த நஞ்சே காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவே அஃபிளாடொக்சின். ஈரலைக் கெடுப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் அதன் இயல்பு. இந்நஞ்சு தேங்காயிற் செழித்து விளையுமென்பதைப் பேராதனையில் அர்செகுலரத்தினவும் உடனாய்வாளரும் 1969இல் ஆய்ந்து வெளியிட்டனர். ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

இனி, மாட்டின் வயிற்றை நோக்குவோம். அதன் நான்கு அறைகளுள் முதலிரைப்பையே பெரிது. ஒட்சிசன் அரிதான, வெதுவெதுப்பான அவ்விடத்தில், ஒரு மில்லிலீற்றர் நீர்மத்திலேயே ஆயிரங்கோடி அளவான பற்றீரியாக்களும் இலட்சக்கணக்கான புரோட்டோசோவாக்களும் வாழ்கின்றன. வைக்கோலை உணவாக்கித் தருவன இவையே. தீனியிலுள்ள சத்துக்கள் குடலில் உறிஞ்சப்படுமுன் இந்நுண்ணுயிர்களின் கையைக் கடந்தே செல்லவேண்டும். கோழிக்கோ நுண்ணுயிர்கள் மிகுந்து வாழுமிடம் சிறுகுடலுக்கு அப்பாலுள்ள குருட்டுக்குடல். நஞ்சு அங்குச் சென்றடையுமுன் பெரும்பகுதி குருதியிற் கலந்துவிடும். மாட்டைக் கொல்லாத தீனி கோழியைக் கொல்வதற்கு இவ்வமைப்பு வேறுபாடு ஒரு காரணமாகும்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் சிலர் ஆறு பூஞ்சண நஞ்சுகளை முதலிரைப்பை நீர்மத்தில் இட்டுக் கண்ட முடிவுகளை 1984இல் வெளியிட்டனர். நான்கு நஞ்சுகள் மாற்றமடைந்தன. அம்மாற்றத்தில் பற்றீரியாக்களினும் புரோட்டோசோவாக்களே முந்தி நின்றன. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒக்கிராடொக்சினைச் சான்றாகக் கொள்வோம். இது இரு கூறுகள் இணைந்த ஒரு பொருள். ஒரு கூறு, பீனைலலனீன் என்னும் அமினோவமிலம். நுண்ணுயிர்கள் அவ்விணைப்பை அறுத்துவிட, எஞ்சும் கூறு பெரிதும் நஞ்சற்றதாகின்றது. ஈண்டு வயிறு உண்மையில் காவலனே.

ஆயினும் மாற்றமெல்லாம் நன்மையன்று. பெண் ஓமோன் போலத் தொழிற்பட்டுக் கருவளத்தைக் குலைக்கும் சியரலெனோன் என்னும் நஞ்சை, அதே நுண்ணுயிர்கள் அதனினும் வலிய வேறொரு பொருளாக மாற்றுகின்றன. மேலும், முதலிரைப்பை வளர்ச்சியடையாத இளங்கன்றுக்கு இக்காவல் இல்லை. மாவுத்தீனி மிகுந்து வயிறு புளித்த மாட்டிலும் புரோட்டோசோவாக்கள் குறைந்து காவல் தளரும்.

அந்த ஆறனுள் மாறாது நின்ற இரண்டில் ஒன்று எது? நம் தேங்காயில் விளையும் அஃபிளாடொக்சின் பி1 என்பதே! முதலிரைப்பையைப் பெரும்பாலும் கேடின்றிக் கடக்கும் அது குருதிவழி ஈரலைச் சேர்ந்து, அங்கு எம்1 என்னும் வடிவம் பெற்று, உண்ட நஞ்சில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்களவிற் பாலில் வெளிப்படுகின்றது. தீனியிட்டு ஒருநாள் கழியுமுன்னரே அது பாலிற் காணப்படும். பாலைக் காய்ச்சுவதால் அது அழியாது. தயிராக உறையவிட்டாலும் முற்றாக நீங்காது. மாடு நோயின்றி நிற்கும். அதன் பாலைப் பருகும் குழந்தையோ நஞ்சின் பங்கைப் பெறும். வீணாகாதென மாட்டுக்கு இட்ட புண்ணாக்கு இவ்வாறு வீட்டுக்கே மீள்கின்றது.

நஞ்சுடைக்கும் நுண்ணுயிர்களை விலங்குக் குடல்களில் தேடும் முயற்சி ஓய்ந்திலது. கறையானொன்றின் குடலிற் கிடைத்த மதுவத்தினப் பங்கசு ஒன்று ஒக்கிராடொக்சினையும் சியரலெனோனையும் சிதைப்பதை 2004இல் அறிவித்தனர். எனினும் நம் தொழுவத்துக்கு இன்று உதவுவன எளிய காரியங்களே: புண்ணாக்கையும் தவிட்டையும் நன்கு உலர்த்துக, சாக்கை ஈரத்தரையில் வையாது பலகைமேல் வைக்க, மழைக்காலத்துக்குச் சில நாட்களுக்குப் போதுமான அளவே வாங்குக, பூஞ்சணம் கண்டதைக் கோழிக்கும் இடாது, மாட்டுக்கும் இடாது புதைத்துவிடுக. கெட்ட தீனியை நிறுத்திய சில நாட்களுள் பாலிலுள்ள நஞ்சு மறையும் என்பது ஆறுதல் தரும் செய்தி. மாட்டின் வயிறு பலவற்றைத் தாங்கும். அஃபிளாடொக்சினை மட்டும் அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது.