சரிவுப் பாதையில் முன்சக்கர இயக்கமும் பின்சக்கர இயக்கமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென் எல்லையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. தேசிய நெடுஞ்சாலை அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகத் தமிழ்நாட்டின் களியக்காவிளையை அடைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது இவ்விடத்தில் எல்லை வகுக்கப்பட்டது. எனினும் நிலத்தின் இயல்பு இருபுறத்தும் ஒன்றே. வெட்டுக்கல் நிறைந்த செம்மண் குன்றுகளும், அவற்றினிடையே தாழ்ந்து கிடக்கும் வயல்களும் மாறி மாறி வருகின்றன. ஆதலின் நெடுஞ்சாலையை விட்டு விலகும் கிளைப் பாதைகள் பலவும் ஒரு குன்றிலிருந்து செங்குத்தாக இறங்கி, வயலைக் கடந்து, அடுத்த குன்றின் மீது ஏறுகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதிக்குக் கிடைப்பதால், நிழல் விழும் ஏற்றங்களில் பாசி படர்வதும், ஓரத்துச் செம்மண் கரைந்து பாதையின் மேல் வழிவதும் இயல்பு.

இத்தகைய ஏற்றம் ஒன்றில் ஒரு வண்டி தடையின்றி ஏறிச் செல்லும். அதனினும் ஆற்றல் மிக்க மற்றொரு வண்டியோ சக்கரம் வீணே சுழல, பாதி வழியில் நின்றுவிடும். நின்ற வண்டி பின்னோக்கிச் சரியுமாயின் உள்ளிருப்போருக்கும், பின்னால் வருவோருக்கும் ஆபத்து நேரும். இதற்கு எஞ்சினின் குறையே காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது என்பதும், அச்சக்கரங்களின் மீது எவ்வளவு பளு அழுந்துகிறது என்பதுமே இங்கு முடிவு செய்கின்றன.

இரு வகை அமைப்புகள்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இரு கார்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒன்று அம்பாசடர். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தயாரித்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950-களின் இறுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. இதன் எஞ்சின் முன்புறம் நீளவாக்கில் அமைந்தது. அதன் சுழற்சி, வண்டியின் அடியில் செல்லும் நீண்ட புரப்பெல்லர் ஷாப்ட் வழியே பின் அச்சுக்குச் சென்று பின்சக்கரங்களைச் சுழற்றியது.

மற்றொன்று மாருதி 800. முதல் கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு அளிக்கப்பட்டது. உற்பத்தி 2014-இல் முடிவுற்றது. இதன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் முன்புறம் குறுக்குவாக்கில் அமைந்து, முன்சக்கரங்களையே சுழற்றியது. புரப்பெல்லர் ஷாப்ட் இல்லாமையால் வண்டியின் எடையும் குறைந்தது, உள்ளே இடமும் மிகுந்தது. ஆனால், திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்ற இரு வேலைகளும் முன்சக்கரங்களுக்கே வந்து சேர்ந்தமையால், எப்பக்கம் திரும்பினும் ஒரே சீராகச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட் என்னும் இணைப்பு இன்றியமையாததாயிற்று.

இவ்விரு கார்களும் இன்று உற்பத்தியில் இல்லையெனினும், இவற்றின் அமைப்பு முறைகள் மறையவில்லை. அலுவலகப் பணிகளில் காணப்படும் பொலிரோ, சரக்கேற்றும் டாட்டா ஏஸ், பலரை ஏற்றிச் செல்லும் மாருதி ஈக்கோ ஆகியன பின்சக்கர இயக்கம் உடையவை. ஆல்ட்டோ, ஸ்விப்ட் போன்ற சிறு கார்கள் முன்சக்கர இயக்கம் உடையவை.

உலக நாடுகளிலும் இவ்விரு முறைகள் இரு வேறு நோக்கங்களுக்காக வளர்ந்தன. அமெரிக்காவில் 1964-இல் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற பேராற்றல் கார்களில், சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றியது. வண்டி விரைந்து புறப்படும்பொழுது பளு பின்புறம் சாய்வதால், அப்பேராற்றலைத் தாங்கத் தக்கவை பின்சக்கரங்களே. இதற்கு மாறாக, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த மினி என்னும் சிறிய கார் முன்சக்கர இயக்கம் கொண்டது. மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தயாரித்த அதே நிறுவனமே இதனையும் தயாரித்தது. இதன் விரைவு வகையான மினி கூப்பர் எஸ், பனி படரும் மலைப் பாதைகளில் நடைபெறும் மான்டி கார்லோ கார்ப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. எஞ்சினின் பளு இயக்கும் சக்கரங்களின் மீதே அமைந்திருந்தமை இவ்வெற்றிக்குத் துணை செய்த காரணங்களுள் ஒன்றாகும்.

பளுவும் பிடிப்பும்

ஒரு சக்கரம் சாலையை உதைத்து வண்டியை நகர்த்தும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. அச்சக்கரத்தின் மீது அழுந்தும் பளுவை, டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகத்தால் பெருக்கக் கிடைப்பதே அவ்வெல்லை. எஞ்சின் இதனினும் மிகுந்த விசையைத் தருமாயின், சக்கரம் வழுக்கிச் சுழலுமேயன்றி வண்டி முன்னேறாது. உலர்ந்த தார்ச் சாலையில் இக்குணகம் மிகுதியாதலின் வேற்றுமை புலப்படுவதில்லை. சேறும் பாசியும் படிந்த இடத்தில் இது பெரிதும் குறைந்துவிடும்.

வண்டி ஏற்றத்தில் ஏறும்பொழுது மற்றொரு மாறுதலும் நிகழ்கிறது. புவியீர்ப்பு மையம் தரைக்கு மேலே உயர்ந்திருப்பதால், பளுவின் ஒரு பகுதி தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு, அதாவது பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. இதனால் பின்சக்கர இயக்கம் உடைய வண்டி நன்மை அடைகிறது. முன்சக்கர இயக்கம் உடைய வண்டி பிடிப்பை ஓரளவு இழக்கிறது. அங்ஙனமாயின் ஏற்றத்திற்குப் பின்சக்கர இயக்கமே சிறந்தது எனக் கூறிவிடலாமோ எனின், கூடாது. ஏற்றிய பாரத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஓர் எளிய கணக்கு

சாலையின் மீது 5 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றைக் கொள்வோம். பின்வரும் எடைகள் கணக்கிற்காகக் கொள்ளப்பட்ட முழு எண்கள். புவியீர்ப்பு மையத்தின் உயரம் இரு அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எனக் கொள்ளப்பட்டுள்ளது. வண்டி சீராக மெல்ல ஏறுவதாகவும், சக்கரம் உருள்வதில் உண்டாகும் தடை நீக்கப்பட்டதாகவும் கருதுக.

ஓட்டுநர் மட்டும் அமர்ந்த முன்சக்கர இயக்கச் சிறு கார் 800 கிலோகிராம் எடையுள்ளது எனவும், சமதளத்தில் அதில் 480 கிலோகிராம் முன்சக்கரங்களின் மீது உள்ளது எனவும் கொள்க. ஏற்றத்தில் முன்சக்கரங்களை அழுத்தும் பளு சுமார் 430 கிலோகிராமாகக் குறையும். வண்டியை மேலே தள்ளத் தேவையான விசை மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 160 கிலோகிராம். 160-ஐ 430-ஆல் வகுக்க 0.37 கிடைக்கும். சாலையின் உராய்வுக் குணகம் இதனினும் மிகுந்திருந்தால் கார் ஏறும்.

ஓட்டுநர் மட்டும் அமர்ந்த பின்சக்கர இயக்கப் பெரிய கார் 1,200 கிலோகிராம் எடையுள்ளது எனவும், அதில் 540 கிலோகிராம் பின்சக்கரங்களின் மீது உள்ளது எனவும் கொள்க. ஏற்றத்தில் அது சுமார் 589 கிலோகிராமாக உயரும். தேவையான விசை 240 கிலோகிராம். ஆகவே வேண்டிய குணகம் 0.41.

இனி இரு கார்களிலும் ஆட்களும் மூட்டைகளும் ஏறுகின்றனர். இப்பாரத்தின் பெரும்பகுதி பின் இருக்கையிலும் அதற்குப் பின்னாலும் அமைவது வழக்கம். சிறு காரில் 240 கிலோகிராம் ஏறி, அதில் 50 மட்டும் முன்சக்கரங்களைச் சேருமாயின், வேண்டிய குணகம் 0.45 ஆக உயர்ந்துவிடும். பெரிய காரில் 300 கிலோகிராம் ஏறி, அதில் 250 பின்சக்கரங்களைச் சேருமாயின், வேண்டிய குணகம் சுமார் 0.35 ஆகத் தாழ்ந்துவிடும்.

பாசி படிந்த ஏற்றம் ஒன்றின் குணகம் 0.40 எனில், அதன் விளைவு கருதத் தக்கது. பாரமின்றி வரும்பொழுது சிறு கார் ஏறும். பெரிய கார் வழுக்கும். பாரத்துடன் வரும்பொழுது பெரிய கார் ஏறும். சிறு கார் வழுக்கும். காலையில் தனியே ஏறிய பாதையில், மாலையில் குடும்பத்துடன் ஏற இயலாமற்போவது இக்காரணத்தினாலேயே. அதேபோன்று, சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் சிறு சரக்கு வண்டி, ஏற்றி வந்த ஏற்றத்திலேயே தடுமாறுவதும் உண்டு.

இன்னொரு வியப்பும் இக்கணக்கில் அடங்கியுள்ளது. பாரம் ஏற்றிய அதே முன்சக்கர இயக்கக் கார் பின்னோக்கி ஏறுமாயின், முன்சக்கரங்கள் தாழ்ந்த பக்கத்தில் அமைந்து பளுவை மிகுதியாகப் பெறுகின்றன. அப்பொழுது வேண்டிய குணகம் 0.36 மட்டுமே. எனினும் பாதை குறுகியதாகவோ, பின்னால் பார்வை மறைவதாகவோ இருப்பின் இம்முறையைக் கையாளுதல் தகாது. ஆட்களை இறக்கிவிட்டு ஏறுதலே மேல்.

வளைவிலும் இறக்கத்திலும்

வளைவில் இவ்விரு வகைகளும் வெவ்வேறு வகையில் பிழைக்கின்றன. முன்சக்கர இயக்கத்தில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே டயர்களின் வேலையாதலின், வழுக்கும் வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிகுதியாக அழுத்தினால், கார் திருப்பிய அளவு திரும்பாது வெளிப்புறம் நோக்கிச் செல்லும். ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் பிடிப்பு மீளும். ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடிப்பதால் பயனில்லை. பின்சக்கர இயக்கத்தில் அதே பிழையால் வண்டியின் வால்பகுதி வெளிப்புறம் வீசும். அப்பொழுது பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, வால் செல்லும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புதல் வேண்டும். இரு வகையிலும், இரண்டு டயர்கள் மட்டுமே புதியனவாக வாங்கப்படின், அவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துதல் நலம். பின்புறம் வழுக்கினால் வண்டியை அடக்குதல் மிகவும் கடினம்.

சரிவில் வண்டியை நிறுத்தும்பொழுதும் ஒரு வேறுபாடு உண்டு. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. முன்சக்கர இயக்கக் காரைக் கியரில் இட்டு நிறுத்தினால், கியர் முன்சக்கரங்களையும் கைப்பிரேக் பின்சக்கரங்களையும் தடுக்கும். பின்சக்கர இயக்க வண்டியிலோ இரண்டும் பின்சக்கரங்களையே தடுக்கின்றன. அவ்வண்டி இறக்கத்தை நோக்கி நிற்குமாயின், பின்சக்கரங்களின் பளு குறைந்து, ஈரத்தில் நான்கு சக்கரங்களும் நகர இடமுண்டு. ஆகவே முன்சக்கரத்திற்கு முன்னால் கனமான மரக்கட்டை அல்லது கல் இடுதலை ஒருபொழுதும் மறத்தலாகாது.

இக்காலப் புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். முதலிய மின்னணுச் சாதனங்கள் உள்ளன. அவை இருக்கும் பிடிப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவுமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்கமாட்டா.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் செய்து காட்டலாம். சக்கரங்கள் தாராளமாக உருளும் பொம்மைக் கார் ஒன்றும், ஒரு வழவழப்பான பலகையும், சில நாணயங்களும், ரப்பர் வளையங்களும் போதும். பொம்மையின் பின்சக்கரங்கள் சுழலாதவாறு ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, முகப்பு மேல்நோக்கியிருக்கப் பலகையின் மீது வைத்து, பலகையை மெல்ல உயர்த்துக. எவ்வுயரத்தில் பொம்மை வழுக்கத் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் பின்சக்கரங்களை விடுவித்து, முன்சக்கரங்களைக் கட்டி அவ்வாறே செய்க. பூட்டிய சக்கரம் வண்டியைத் தாங்கி நிறுத்தும் விசையும், இயக்கும் சக்கரம் வண்டியைச் சீராக ஏற்றும் விசையும் ஒரே உராய்வைச் சார்ந்தவையாதலின், இச்சோதனை மேற்கூறிய கணக்கிற்குப் பொருந்தும்.

அடுத்து, பொம்மையின் பின்பகுதியில் நாணயங்களை ஒட்டி இரு சோதனைகளையும் மீண்டும் செய்க. இறுதியாக, முன்சக்கரங்களைக் கட்டிய பொம்மையை முகப்பு கீழ்நோக்கியிருக்க வைத்துப் பார்க்க. கிடைக்கும் உயரங்களை மாணவர்கள் அட்டவணையாக எழுதி ஒப்பிடுவராயின், பாரத்தின் இடம் மாறப் பிடிப்பும் மாறுவதைத் தாமே கண்டறிவர்.

சுருங்கக் கூறின், முன்சக்கர இயக்கமோ பின்சக்கர இயக்கமோ எல்லா வேளைகளிலும் சிறந்தது என்பதில்லை. மழைக்காலத்தில் குன்றுப் பாதையில் செல்ல வேண்டிய களப்பணியாளர் புறப்படுமுன், தம் வண்டியின் எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது, ஏற்றிய பாரம் எச்சக்கரங்களின் மீது அமைந்துள்ளது, அச்சக்கரங்களின் டயர் எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றையும் நோக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் ஐயத்திற்கு இடமாயின், அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திப் பாரத்தைக் குறைத்தல் அறிவுடைமையாகும்.