டீ கெடுதல் இல்லை, நேரம்தான் கெடுதல்

நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் சூடாக ஒரு டீ. அது இல்லாவிட்டால் காலை விடிந்த மாதிரியே இருக்காது பலருக்கு. அந்த டீயை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். காரணம் இரும்புச்சத்து.

நம் உடம்பில் உள்ள மொத்த இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருந்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஆயுள் முடிந்ததும் மண்ணீரல் போன்ற உறுப்புகள் அதைச் சிதைத்து, இரும்பை மட்டும் பத்திரமாக எடுத்து மறுபடி எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிவிடும். உடம்பு இவ்வளவு சிக்கனமாக இருப்பதால் தினமும் வெளியேறுவது சுமார் 1 மில்லிகிராம்தான். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இழப்பு அதைவிடக் கூடுதல். கர்ப்பிணிக்குத் தேவை பல மடங்கு.

ஒரு மில்லிகிராம்தானே, ஒரு கரண்டி கீரையில் கிடைத்துவிடாதா என்று கேட்பீர்கள். தட்டில் இருக்கிற இரும்பு முழுவதும் இரத்தத்தில் ஏறாது. ஈரல், கறி, மீன் இவற்றில் ஒரு பகுதி இரும்பு ஹீம் வடிவில் இருக்கிறது. குடல் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, கேழ்வரகு, பருப்பில் இருப்பது வேறு வகை. அதில் நூற்றுக்குப் பத்து சேர்ந்தாலே நல்ல கணக்கு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் மாவைப் புளிக்க வைத்தாலும் பைட்டேட் குறையும். அந்த வகையில் இட்லி நல்ல உணவு. அதன் மேல் ஊற்றுகிற டீயில்தான் சிக்கல்.

டீயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் இரும்பைக் கண்டால் விடாது. கலம்காரித் துணியைப் பார்த்திருப்பீர்கள். கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணியின் மேல், இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்த நீரால் கோடு இழுப்பார்கள். இழுத்த இடம் கறுத்துப்போகும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. துணியைத் துவைத்தாலும் போகாது. குடலிலும் இதே வேதியியல்தான். டீயின் டானினோடு ஒட்டிக்கொண்ட இரும்பு கரையாது, குடல் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு போய்விடும்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே அளந்து 1975இல் வெளியிட்டார்கள். ரொட்டியோடும், உருளைக்கிழங்கு வெங்காய சூப் சேர்த்த சோற்றோடும் டீ கொடுத்துப் பார்த்தபோது இரும்பு சேர்வது வெகுவாகக் குறைந்தது. வைட்டமின் சி கூட இருந்தும் தடை நீங்கவில்லை. வேகவைத்த ஹீமோகுளோபினை மட்டும் டீ ஒன்றும் செய்யவில்லை. அதாவது, கறியும் மீனும் அதிகம் வாங்க முடியாத வீட்டில்தான் சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதிகம் பறிக்கிறது. என் மனதை உறுத்துவது இதுதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருப்பதைக் கடைசியில் சாப்பிட்டு, பசி அடங்க ஒரு டீயும் குடித்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. டீ மட்டும் அதற்குக் காரணம் இல்லை. ஆனாலும் காசு செலவில்லாமல் திருத்தக்கூடிய காரணம் இது.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து டீ குடியுங்கள். காபிக்கும் இதே கணக்குதான். பதினொரு மணி டீயும் நாலு மணி டீயும் தாராளமாக இருக்கட்டும். சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஏதாவது ஒன்று சேரட்டும். வைட்டமின் சி இரும்பைக் குடலுக்கு ஏற்ற வடிவமாக மாற்றித் தரும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் அந்தச் சத்து அழியும்.

இரும்பு மாத்திரையை டீயோடோ பாலோடோ விழுங்கவே கூடாது, தண்ணீர் போதும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. பி12 குறைவு, கொக்கிப்புழு என்று வேறு காரணங்களும் உண்டு, அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால், எண் ஏறிவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். உடம்பின் இருப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் ஆகும்.