மேக் த நைஃப்: எல்லா இன் பெர்லின்

மேக் த நைஃப்: எல்லா இன் பெர்லின் என்பது அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் (1917–1996) மேற்கு பெர்லினில் நிகழ்த்திய மேடைக் கச்சேரியின் ஒலிப்பதிவாக வெளிவந்த இசைத்தொகுப்பு ஆகும். இக்கச்சேரி 1960 பிப்ரவரி 13 அன்று டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில், ஏறத்தாழ 12,000 பேர் முன்னிலையில் நடைபெற்றது. வெர்வ் நிறுவனம் அதே ஆண்டில் இதனை இசைத்தட்டாக வெளியிட்டது. தலைப்புப் பாடலின் நடுவே வரிகள் மறந்துபோக, பாடகி மேடையிலேயே புதிய வரிகளைப் புனைந்து பாடி முடித்தமை இத்தொகுப்பின் தனிச்சிறப்பாகக் கருதப்படுகிறது.

பின்னணி

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1934 இல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் நடைபெற்ற புதுமுகப் போட்டியில் வென்று, மறு ஆண்டில் சிக் வெப்பின் இசைக்குழுவில் பாடத் தொடங்கினார். 1950களில் நார்மன் கிரான்ஸ் இவருக்கு மேலாளரானார். கிரான்சின் வெர்வ் நிறுவனத்திற்காக 1956 முதல் கோல் போர்ட்டர், கெர்ஷ்வின் உடன்பிறப்புகள் முதலியோரின் பாடல்களைத் தனித்தனித் தொகுப்புகளாக எல்லா பாடி வந்தார். அவற்றுள் பெரும்பாலானவை பெரிய இசைக்குழுக்களுடன், முன்கூட்டியே எழுதப்பட்ட இசையமைப்புடன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டவை.

பெர்லின் பதிவு இவற்றிலிருந்து வேறுபட்டது. இதில் நால்வர் மட்டுமே துணை இசை வழங்கினர்:

பால் ஸ்மித் – பியானோ
ஜிம் ஹால் – கிதார்
வில்ஃபிரட் மிடில்புரூக்ஸ் – பேஸ்
கஸ் ஜான்சன் – டிரம்ஸ்

பாடலும் அரங்கும்

தலைப்புப் பாடல் பெர்லினிலேயே பிறந்தது. பெர்டோல்ட் பிரெக்ட் வரிகளை எழுத, கூர்ட் வைல் இசையமைத்த 'மூன்று காசு இசைநாடகம்' 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் அரங்கேறியது. கொலைச் செய்திகளைச் சந்தைவெளிகளில் பாடிப் பிழைத்த தெருப்பாடகர்களின் மரபைப் பின்பற்றி, மெக்கி என்னும் கொலைகாரனை அறிமுகம் செய்யும் பாடலாக இது அமைக்கப்பட்டது.

1933 இல் நாட்சிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் யூதரான வைலும், இடதுசாரியான பிரெக்டும் நாட்டை விட்டு வெளியேறினர். நாடகம் தடை செய்யப்பட்டது. 1938 இல் டுசல்டார்ஃப் நகரில் நாட்சிகள் நடத்திய 'சீரழிந்த இசை' கண்காட்சியில் வைலின் இசையும் ஜாஸ் இசையும் இழிவுபடுத்தப்பட்டன. அக்கண்காட்சியின் சுவரொட்டி, சாக்சஃபோன் வாசிக்கும் கறுப்பினத்தவர் ஒருவரைக் கேலிச்சித்திரமாகக் காட்டியது.

எல்லா பாடிய அரங்கமும் அக்காலத்ததே. 1936 ஒலிம்பிக் போட்டிகளுக்கெனக் கட்டப்பட்ட டாய்ச்லாண்ட்ஹாலேயை 1935 நவம்பரில் ஹிட்லர் திறந்து வைத்தார். 1943 இல் குண்டுவீச்சில் சேதமடைந்த இது 1957 இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. நாட்சிகள் எழுப்பிய அரங்கில், அவர்கள் தடை செய்த பாடலை, அவர்கள் இழிவுபடுத்திய இசைவகையில் ஒரு கறுப்பினப் பெண் பாடினார். பெர்லின் மக்கள் பேராரவாரத்துடன் வரவேற்றனர். ஆரவாரம் பதிவிலும் கேட்கிறது.

மறந்த வரிகள்

மார்க் பிளிட்ஸ்டைனின் ஆங்கில வரிகளில் இப்பாடலை லூயி ஆம்ஸ்ட்ராங் 1955 இல் பதிவு செய்தார். பாபி டாரினின் பதிவு 1959 இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எல்லாவுக்கு இது புதிய பாடல். சொற்கள் நினைவிலிருக்கும் என நம்புவதாகப் பாடத் தொடங்கும் முன்னரே அவர் கூறுவது பதிவில் உள்ளது.

முதல் சில கண்ணிகள் சரியாகச் செல்கின்றன. பின்னர் வரிகள் நழுவுகின்றன. எல்லா பாட்டை நிறுத்தவில்லை. அடுத்த வரி தமக்குத் தெரியவில்லை என்பதையே பாட்டாக்குகிறார். ஆம்ஸ்ட்ராங்கும் டாரினும் இதனைப் பாடியிருப்பதையும், இப்போது தாமும் தம் குழுவினரும் பாட்டைச் சிதைத்துக்கொண்டிருப்பதையும் இயைபு கெடாமல் பாடுகிறார். இடையே ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பான குரலையும் போலச் செய்கிறார்.

பாடலின் அமைப்பு இதற்குத் துணைபுரிந்தது. ஒரே பதினாறு அளவுகள் கொண்ட மெட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் வேறு பகுதி எதுவும் இல்லை. எனவே சொற்கள் மறந்தாலும், வரி எங்கு முடிய வேண்டும், இயைபு எங்கு விழ வேண்டும் என்பவை பாடகிக்குத் தெரியும். துணை இசைஞர்கள் தாளத்தைத் தளர விடாமல் சுருதியைப் படிப்படியாக உயர்த்திச் செல்வதால், தடுமாற்றம் நேர்ந்த இடத்திலும் பாடல் தொய்வதில்லை. தயாரிப்பாளரான கிரான்ஸ் இப்பகுதியை நீக்காமல் வெளியிட்டதோடு, தொகுப்புக்கும் இப்பாடலின் பெயரையே சூட்டினார்.

ஹவ் ஹை த மூன்

1940 இல் ஒரு மேடை இசைநிகழ்ச்சிக்காக இயற்றப்பட்ட இப்பாடல் தொகுப்பின் இறுதியில் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நீள்கிறது. இதன் பெரும்பகுதி 'ஸ்கேட்' முறையில் அமைந்தது. பொருளற்ற அசைகளைக் கொண்டு, குரலை ஓர் இசைக்கருவி போல் கையாண்டு கற்பனையாகப் பாடுவதே ஸ்கேட் ஆகும். பாடலின் சுரக்கோவை வரிசை மாறாமல் ஓட, அதன் மீது வேறு பல பாடல்களின் மெட்டுகளை எல்லா துண்டு துண்டாகக் கோத்துச் செல்கிறார். அவற்றுள் சார்லி பார்க்கருடன் தொடர்புடைய 'ஆர்னித்தாலஜி'யும் ஒன்று. அம்மெட்டே இப்பாடலின் சுரக்கோவையின் மீது இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பாடல்கள்

முதல் வெளியீட்டில் ஒன்பது பாடல்கள் இடம்பெற்றன.

1. கான் வித் த விண்ட்
2. மிஸ்டி
3. த லேடி இஸ் எ டிராம்ப்
4. த மேன் ஐ லவ்
5. சம்மர்டைம்
6. டூ டார்ன் ஹாட்
7. லோரலை
8. மேக் த நைஃப்
9. ஹவ் ஹை த மூன்

முதற்பாடல் 1937 இல் வெளிவந்த தனிப்பாடல். அதே பெயரிலான திரைப்படத்தின் பாடல் அன்று. ரைன் ஆற்றங்கரையின் செருமானியத் தொன்மக் கதையைத் தழுவிய 'லோரலை' கெர்ஷ்வின் உடன்பிறப்புகளின் படைப்பாகும்.

விருதுகள்

1961 இல் நடைபெற்ற மூன்றாம் கிராமி விருது விழாவில் எல்லா இதற்காக இரு விருதுகள் பெற்றார். ஒன்று 'மேக் த நைஃப்' பாடலுக்காகவும், மற்றொன்று தொகுப்புக்காகவும் பெண் பாடகருக்கான பிரிவுகளில் வழங்கப்பட்டன. 1999 இல் இத்தொகுப்பு கிராமி புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

பிற்காலம்

1993 இல் கூடுதல் பாடல்களுடன் குறுந்தகடாக இத்தொகுப்பு மறுவெளியீடு கண்டது. பெர்லின் சுவர் எழுப்பப்பட்ட மறு ஆண்டான 1962 இல், மார்ச் 25 அன்று எல்லா அந்நகரின் ஷ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் பாடினார். கிரான்சின் சேகரிப்பில் இருந்த அக்கச்சேரியின் ஒலிநாடாக்கள் 2020 இல் 'எல்லா: த லாஸ்ட் பெர்லின் டேப்ஸ்' என்னும் பெயரில் வெளியிடப்பட்டன, அதிலும் 'மேக் த நைஃப்' இடம்பெற்றுள்ளது. டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கம் 2011 டிசம்பரில் இடிக்கப்பட்டது.