வீட்டுக்குள் ஒரு கடல் – 9: கொசுவலைச் சட்டத்தில் ஒரு மூடி

உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்களிடம் செத்துப்போன மீன்களின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். நோயில் போனதைச் சொல்லி முடித்ததும் தரையில் கிடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சோபாவுக்கு அடியிலோ ஸ்டாண்டுக்குப் பின்னாலோ எறும்பு மொய்த்துக் கிடக்கும். சில வீடுகளில் அதுவும் கண்ணில் படாது. தொட்டியில் ஒன்று குறையும், பழி வீட்டுப் பூனை மேல் விழும்.

இதில் முதல் குற்றவாளி ஃபயர்ஃபிஷ். விரல் நீளம்தான் இருக்கும். முன்பாதி வெளுப்பு, பின்பாதி தணல் சிவப்பு, முதுகில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை நீள முள். பவளப்பாறையில் இது தன் வளைக்கு மேலேயே மிதந்தபடி இரை பொறுக்கும். நிழல் விழுந்தால் வளைக்குள் பாய்ந்துவிடும். வளை கிட்டத்தில் இல்லையென்றால் கண்ட திசையில் பாயும், மேல்நோக்கியும்தான். கடலில் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எவ்வளவு உயரம் எழும்பினாலும் திரும்ப விழுவது தண்ணீரில். நம் வீட்டில் விழுவது டைல்ஸில்.

ராஸ், கோபி, ஜா ஃபிஷ், ஆந்தியாஸ் எல்லாம் இதே சாதி. பெரிய மீன் துரத்தினால் தாவும், யாராவது குறுக்கே ஓடினால் தாவும். எல்லாவற்றையும்விட மோசம், விளக்கு பட்டென்று அணைவது. கடலில் பொழுது சாய நேரமெடுக்கும். நம் ஊர் மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே மூடி வேண்டும். கடைக்காரர் உடனே கண்ணாடி வெட்டித் தருகிறேன் என்பார். நன்னீர்த் தொட்டிக்கு அது சரி. கடல் தொட்டிக்கு, அதுவும் சென்னையில், நான் வேண்டாம் என்பேன்.

காரணம் வெக்கை. பவளங்கள் இருக்கும் தொட்டி 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. மே மாதம் நம் வீட்டு ஹாலே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதோடு பம்பு, விளக்கு ஆகியவற்றின் சூடும் தண்ணீரில்தான் இறங்கும். சில்லர் வாங்க முடியாதவர்களுக்கு இருக்கும் ஒரே வழி ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகிறது. 100 லிட்டர் தொட்டியை 6 டிகிரி வரை இறக்கப் போதுமான வெப்பம் அது. அறையிலிருந்து சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் முழுப் பலன் கிடைக்காது. ஆனாலும் கம்ப்யூட்டருக்குள் சுற்றும் 12 வோல்ட் விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் ஊதவிட்டால் தெர்மாமீட்டரில் வித்தியாசம் தெரியும். கடல்காற்று தாமதமாக வரும் வறண்ட நாட்களில் நன்றாகவே தெரியும். ஐப்பசி அடைமழையில் சுமார்தான். இந்த வழியைத்தான் கண்ணாடி மூடி அடைத்துவிடுகிறது.

மூச்சு விஷயமும் இருக்கிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதும் கரியமில வாயு வெளியேறுவதும் மேற்பரப்பு வழியாகத்தான். இறுக்க மூடினால் கரியமில வாயு தங்கி தண்ணீரின் பிஎச் இறங்கும். கண்ணாடியின் அடிப்பக்கம் உப்புப் பூத்து வெளிச்சத்தையும் தின்னும். எடையைச் சொல்லவே வேண்டாம். நாலடிக்கு ஒன்றரையடி தொட்டியை 5 மில்லிமீட்டர் கண்ணாடியால் மூடினால் கிட்டத்தட்ட 7 கிலோ. தினமும் தீவனம் போடத் தூக்கி வைக்க வேண்டிய 7 கிலோ. தாவுகிற மீன் அதில் மண்டையை மோதிக்கொள்ளும் என்பது வேறு. அக்ரிலிக் எடை குறைவுதான். ஆனால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்துச் சில வாரங்களில் வளைந்துவிடும். வளைந்த ஓரத்தில் இடைவெளி விழும். ஃபயர்ஃபிஷ் தேடுவது அதைத்தான்.

பாக்கி இருப்பது வலை. வலை மூடி செய்யத் தேவையான சாமான் முழுவதும் நம் தெருமுனையில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் இருக்கிறது. பவுடர் கோட்டிங் அடித்த அலுமினியச் சட்டம், நாலு மூலைக்கு பிளாஸ்டிக் கார்னர், வலையைப் பள்ளத்தில் அமுக்கிப் பிடிக்கும் ரப்பர் பீடிங், அதை அழுத்த ஒரு சின்னச் சக்கரம் வைத்த கைக்கருவி. எங்கள் பகுதிக்காரரிடம் அளவைக் கொடுத்தபோது, "எந்த ஜன்னலுக்கு சார் இது?" என்றார். "மீன் தொட்டிக்குண்ணா." "ஏன், தொட்டிக்குள்ள கொசு வருதா?"

வலையை மட்டும் அவரிடம் வாங்காதீர்கள். கொசுவலையின் பொடிக்கண் வெளிச்சத்தைக் குறைக்கும், உப்பு பூத்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் கண் உள்ள, நிறமில்லாத பிளாஸ்டிக் வலை போதும். பெரும்பாலான மீன்கள் அதில் நுழையாது. கம்பி வலை பக்கமே போகக் கூடாது. ஜிஐ வலையில் துத்தநாகம் இருக்கிறது, பித்தளையில் செம்பு இருக்கிறது. இரண்டும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். திருகாணி போட்டே ஆகவேண்டுமென்றால் நைலானில் போடுங்கள்.

அளவெடுப்பதுதான் பாதி வேலை. உள்ளூரில் ஒட்டிய தொட்டிகளில் பெரும்பாலும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டி ஒட்டியிருப்பார்கள். மூடி அந்தப் பட்டியின் மேல், தொட்டிக்குள்ளேயே உட்கார வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தெறிக்கும் தண்ணீர் கண்ணாடி வழியாக வெளியே வழிந்து ஸ்டாண்டில் உப்புப் பூக்கும். தொட்டியின் உள்ளளவை இரண்டு முனையிலும் நடுவிலும் எடுங்கள், மூன்றும் ஒன்றாக இருக்காது. மிகக் குறைந்த அளவிலிருந்து 3 மில்லிமீட்டர் கழியுங்கள். சட்டத்தை வெட்டும்போது கார்னர் பிடிக்கும் இடத்தை இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். கோத்தபின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் சட்டம் சதுரிப்பாக இருக்கிறது.

வலையைச் சட்டத்தைவிட ஓரங்குலம் பெரிதாக வெட்டி, ஒரு நீளப் பக்கத்தில் பீடிங்கை அமுக்குங்கள். அடுத்து எதிர்ப்பக்கம், பிறகு குட்டைப் பக்கங்கள். கயிற்றுக்கட்டில் பின்னுகிறவர் இழுப்பதைப் போல விறைப்பாக இழுத்துவிடாதீர்கள். சட்டம் நடுவில் உள்ளே குழியும், குழிந்த இடத்தில் இடைவெளி விழும். தொய்வில்லாமல் இருந்தால் போதும். நாலடித் தொட்டிக்கு ஒரே சட்டம் வேண்டாம், இரண்டு பாதியாகச் செய்தால் ஒன்றை எடுத்துவிட்டுக் கையை விடலாம். வெட்டிய அலுமினிய முனைகளில் பூச்சு இருக்காது. உப்பு பட்டால் வெள்ளையாகப் பொடிந்துவிடும். மீன் தொட்டிக்கென விற்கும் சிலிக்கோனைத் தடவி அவற்றை மூடி, வினிகர் வாடை முழுவதும் போகும்வரை காயவிடுங்கள்.

குழாய்களும் ஒயர்களும் நுழையும் மூலைதான் தொல்லை. சட்டத்தை அங்கே தோது பார்த்துச் சின்னதாக நிறுத்தி, மிச்ச இடத்துக்கு ஒரு துண்டு அக்ரிலிக்கில் குழாய்க்குத் தக்கபடி துளை போட்டு வையுங்கள். கையகலத் துண்டு அதிகம் வளையாது. ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்வாயையும் மூடுங்கள். விலாங்கு வகை வைத்திருப்பவர்கள் துளைகளை இன்னும் இறுக்கமாகப் பார்க்க வேண்டும். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும்.

வலை போட்டுவிட்டு விசிறியும் சுற்றினால் தண்ணீர் தினமும் குறையும். குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் போனால், மீதியில் லிட்டருக்கு 36 கிராம் ஆகிவிடும். ஊற்ற வேண்டியது ஆர்ஓ தண்ணீர். 'கடல் தொட்டிதானே' என்று உப்புத்தண்ணீரை ஊற்றினால் அளவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவைத்து, காலையும் மாலையும் அதுவரை நிரப்பினால் மீன்களுக்கு ஏற்ற இறக்கம் தெரியாது.

வாரம் ஒருமுறை மூடியைக் குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். சோப்பு கூடாது. உப்பு கெட்டியாகப் பிடித்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுவிடும். கழுவுகிற நேரத்துக்குத் தொட்டி மேல் ஒரு அட்டையாவது இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: ஆர்ஓ தண்ணீரைத் தானாக ஊற்றும் மிதவை)