மலைக் குதிரைக்கு உலர்புல் எப்போது?

உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையைக் கண்டு மகிழ்ந்து, பேரம் பேசிக் குழந்தையை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்து, கூலியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிற நம்மில் மிகப் பலர், மாலை மங்கியபின் அந்தப் பிராணி எங்கே போகிறது, எதைத் தின்கிறது என்று விசாரிப்பதில்லை. சேணத்தை இறக்கியதும் சரிவுகளிலும் ஏரியோரத்து ஈரநிலத்திலும் சாலையோரப் புல்திட்டுகளிலும் அதை மேய விட்டுவிடுவது பெரும்பாலும் வழக்கம். மழைக்காலத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய ஆட்சேபம் சொல்ல இடமில்லை; மலைப்புல் அப்போது தாராளமாக வளர்கிறது. ஆனால் மார்கழிக் குளிரில் அதே சரிவு பழுப்பேறிக் கிடக்க, அதே குதிரை அதே இடத்தில் இரவெல்லாம் தலைகுனிந்து நின்றால், பார்ப்பவர் கண்ணுக்கு அது மேய்வதாகவே தோன்றும். உண்மையில் அதன் வாய்க்கு அகப்படுவது வேரும் மண்ணுமே. அவிழ்த்து விடுவதும் ஆகாரம் அளிப்பதும் ஒன்றல்ல என்பதைக் குதிரைக்காரரும், அவருக்குக் கூலி கொடுக்கும் உல்லாசப் பிரயாணியும், சட்டத்தை நடத்த வேண்டிய அதிகாரியும் ஒருங்கே உணர வேண்டிய பருவம் அதுதான்.

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அதைத் தொடர்ந்து ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்லை வளர்த்துவிட்டு ஓய, பின்னாலேயே உறைபனி வந்துவிடுகிறது. அம்மலைகளில் மேய்ச்சலுக்கு உதவுபவற்றுள் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிக்கூயூ புல். தரையோடு படர்ந்து, எத்தனை மிதிபட்டாலும் மீண்டும் தழைக்கும் உறுதி அதற்கு உண்டு என்றாலும், உறைபனியை மட்டும் அதனால் தாங்க முடிவதில்லை. பனி விழுந்த மறுநாள் வெயிலில் அதன் இலை கருகுகிறது, பின்வரும் மாதங்களின் வறட்சியில் மறுதளிர் விடுவதும் அருகிப்போகிறது. ஆகவே, உலர்புல் வாங்கும் ஏற்பாடு ஐப்பசிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் வாங்கி வைப்பது வேறு, இடத் தொடங்குவது வேறு. தொடங்கும் நாளைத் தேதி பார்த்து நிர்ணயிப்பது சரியன்று. புல்லைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. உள்ளங்கையைப் பக்கவாட்டில் தரைமீது ஊன்றினால் நான்கு விரல்களின் அகலம், அதாவது ஏறக்குறைய 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்திருபது இடங்களில் இப்படிக் கையை வைத்துப் பார்த்து, பெரும்பாலான இடங்களில் புல் விரல்களுக்கு மேலே தலைகாட்டவில்லையானால், அன்றே தொடங்க வேண்டியதுதான். இந்தப் பரீட்சையில் ஏமாறுவதற்கு ஓர் இடமுண்டு. தான் லத்தி போட்ட இடத்துப் புல்லைக் குதிரை கூடியவரை வாயால் தொடாது. ஆகையால் எந்தக் குதிரை மேய்ச்சலிலும், மொட்டையாகக் கடித்த பரப்புக்கு இடையிடையே பச்சைப் பசேலென்று உயர்ந்து நிற்கும் திட்டுகள் காணப்படும். தூரத்தில் நின்று பார்க்கிறவர், "இத்தனை புல் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன?" என்று திருப்தியடைவது இந்தத் திட்டுகளைக் கண்டுதான். அவற்றைக் கணக்கில் சேர்க்கலாகாது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது; நாக்கால் வளைத்துப் பிடித்துப் பறிப்பதால் மிகக் குட்டையான புல் அதற்கு எட்டுவதில்லை. குதிரைக்கோ மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால், தரைமட்டம் வரையில் கத்தரித்துவிடுகிறது. அப்படிக் கத்தரிக்கும்போது புல்லும் மறுதழைப்புக்கு வகையின்றி நலிகிறது, குதிரைக்கும் கேடு வருகிறது. ஏனெனில் குடற்புழுவின் இளம்பருவங்கள் புல்லின் அடிப்பகுதியில்தான் மிகுதியாகத் தங்குகின்றன, வேரோடு வரும் மண்ணும் மணலும் பெருங்குடலில் படிந்து வயிற்றுச் சூலையை உண்டாக்குகின்றன. சந்தேகமுள்ளவர், அப்போதே விழுந்த லத்தியில் தரையில் படாத மேற்பகுதியை ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கட்டும். நார் மேலே மிதக்கும்; மணல் இருந்தால் அடியில் பழுப்பு வளையமாகத் தங்கும். வேலிக் கட்டையைக் கறம்புவதும், மரப்பட்டையை உரிப்பதும், ஆள் வரும் வழியைப் பார்த்து நெடுநேரம் நிற்பதும் இதே செய்தியைத் தெரிவிக்கக்கூடும் என்றாலும், குதிரை அவ்வளவு தூரம் சொல்லும்வரை காத்திருப்பது நியாயமன்று.

புல் அடியோடு தீர்ந்தபின் ஒரேயடியாக உலர்புல்லுக்கு மாற்றுவதும் அபாயமே. குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. நெடுநேரம் வெறும் வயிற்றோடு நின்றால் அங்கே புண் உண்டாகிறது. நாரை ஜீரணிக்கும் வேலையைச் செய்வதோ இரைப்பையன்று, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமாகும். பச்சைப்புல்லுக்குப் பழகிய அந்தக் கூட்டம் உலர்புல்லுக்குப் பழகுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கிறது. வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொள்ளும் சௌகரியமும் இந்தப் பிராணிக்கு இல்லை. ஆதலின் மேய்ச்சலில் இன்னும் கொஞ்சம் புல் இருக்கும்போதே, நாளொன்றுக்கு 1 கிலோ உலர்புல்லில் தொடங்கி, மேய்ச்சல் குறையக் குறைய அதைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை.

முழு அளவு எவ்வளவு? உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்ந்த தீனி என்பது பொதுக்கணக்கு. ஒன்றரைப் பங்குக்குக் கீழே இறங்குவது ஆகாது. தராசு இல்லாதவர் தையற்காரரின் அளவு நாடாவைக் கொண்டே எடையை மதிப்பிடலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடையின் முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 என்ற எண்ணால் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 140, நீளம் 125 உள்ள ஒரு மட்டக்குதிரை 206 கிலோ இருக்கும். உலர்புல்லிலும் சிறிது ஈரம் இருக்குமாதலால் அதற்கு நாளொன்றுக்கு நாலரையிலிருந்து 5 கிலோ வரை வேண்டும். அதே போஷாக்கைப் பச்சைப்புல்லில் பெற அது 20 கிலோ மேய்ந்தாக வேண்டும் என்பதை நினைத்தால், மொட்டைச் சரிவில் அது சாத்தியமா என்பது விளங்கும். பச்சைப்புல்லின் பெரும்பகுதி நீர். உலர்புல்லிலோ அது சொற்பமே. தொட்டியில் 12 லிட்டருக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீர் வையாமல் உலர்புல்லை மட்டும் போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

குதிரையென்றால் கொள்ளு என்பது நம் நாட்டார் நாவில் ஊறிப்போன எண்ணம். கொள்ளு உழைக்கும் குதிரைக்கு மேலுணவு ஆகலாமேயன்றி, நாருக்கு ஈடாகாது. மலைக்குக் கீழே சமவெளியில் மலிவாகக் கிடைக்கும் நெல் வைக்கோலும் தக்க மாற்றன்று; அதில் சத்து சொற்பம், சீரணமும் கடினம். பூக்கும் பருவத்தில் அறுத்து, மழையில் நனையாமல் உலர்த்தி, பசுமை கலந்த நிறமும் நல்ல மணமும் உடையதாகக் கட்டப்பட்ட புல்லே வேண்டுவது. கட்டைப் பிரித்துக் கையை உள்ளே நுழைக்கும்போது சூடு தெரிந்தாலும், உதறும்போது வெண்தூசி பறந்தாலும், மக்கல் வாசனை வந்தாலும் அதைக் குதிரையின் மூக்கருகே கொண்டுபோகலாகாது. பூஞ்சைத் தூசி அதன் சுவாசப்பையைக் கெடுத்துத் தீராத மூச்சிரைப்பைத் தந்துவிடும்.

சிக்கனத்துக்காகத் தவிட்டை அள்ளிப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிக்கூயூ போன்ற வெப்பமண்டலப் புல்லிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காதபடி கட்டிப்போடுகிறது. தவிட்டில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் அந்தக் கேட்டைப் பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு இளகி, முகவெலும்பு வீங்கி, காரணம் தெரியாத நொண்டல் தோன்றும். கோழித்தீவனத்தையும் சிலவகை மாட்டுத்தீவனத்தையும் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின், சாலினோமைசின் முதலிய மருந்துகள் சிறு அளவிலேயே குதிரையின் இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். பசித்த குதிரை, வயிறு நிறைந்தபோது முகர்ந்தும் பாராத செடிகளைத் தின்னத் துணிவதும் வேறோர் அபாயம். உண்ணிச்செடியும், ஓடையோரங்களில் வெள்ளைப் பூங்கொத்தோடு அடர்ந்து நிற்கும் மெக்ஸிகோ நாட்டுக் களையான அஜரேடினாவும் மலையெங்கும் பரவியுள்ளன. இவற்றுள் பின்னது குறிப்பாகக் குதிரையின் நுரையீரலையே பாழாக்குவது. குப்பைத்தொட்டியில் முகம் புதைத்துப் பிளாஸ்டிக் பையை மெல்லும் குதிரையைப் படம்பிடித்து வேடிக்கையென்று அனுப்புகிறவர்கள், தாம் அனுப்புவது ஒரு பட்டினிச் சாட்சியம் என்பதை அறிவார்களாக.

குளிர்காலத்து ரோமம் அடர்ந்து மெலிவை மறைத்துவிடும் ஆதலால், கண்ணை நம்பாமல் கையால் தடவிப் பார்க்க வேண்டும். டெக்ஸஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் ஹென்னிக்கி என்பவரும் அவர் தோழர்களும் 1983-இல் வெளியிட்ட அளவுமுறை 1 முதல் 9 வரை செல்கிறது. நடுவான 5-இல் விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாது, லேசாக அழுத்தினால் விரலுக்கு எட்டும். தடவாமலே எண்ணக்கூடிய விலா உள்ள குதிரைக்கு உலர்புல் தொடங்கும் காலம் என்றோ கடந்துவிட்டது.

இனிச் சட்டம். நாட்டியக் கலைஞர் ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பயனாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் அதன் நலத்தைக் காக்கும் கடமையை விதிக்கிறது. 11-ஆம் பிரிவோ, போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளிக்கத் தவறுவதையும், பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமாக்குகிறது. உச்ச நீதிமன்றம் 2014-இல் ஜல்லிக்கட்டு பற்றிய நாகராஜா வழக்கில், பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும் விடுதலை முதலான ஐந்து சுதந்திரங்களை இப்பிரிவுகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று கூறியது. ஜல்லிக்கட்டைப் பொறுத்தமட்டில் நிலைமை பின்னர் மாறியது வேறு விஷயம். "பகலில் சவாரிக்கு, இரவில் ஊர்மேய" என்ற ஏற்பாடு இச்சட்டத்தின் கண்ணில் ஏற்பாடே அன்று என்பது என் கருத்து. முதற்குற்றத்துக்கு விதித்துள்ள அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையே என்பதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றலாம். ஆயினும் மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையும், தண்டிக்கப்பட்டவரிடமிருந்து தக்க சந்தர்ப்பங்களில் பிராணியின் உடைமையையே பறிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் உள்ளன.

பட்டினிக் குதிரையைக் காண்பவர் செய்யத்தக்கது, அதன்மேல் ஏறாதிருப்பதோடு முடிவதில்லை. இடமும் நாளும் தெரியும்படி படமெடுத்து, கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணில் அழைத்து, மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். உணவளியாக் குற்றம், பிடியாணையின்றிக் கைதுசெய்யும் வகையைச் சேர்ந்ததன்று. ஆதலால் காவல் நிலையத்தில் கைவிரித்தால் வியப்படைய வேண்டாம், மாஜிஸ்திரேட்டிடம் நேரே முறையிட வழியுண்டு. ஆனால் குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கப்படாவிட்டால் அந்த வழி அடைந்துபோகும். தை மாதத்துப் பட்டினிக்கு வைகாசியில் விழிப்பது பயன்படாது.

குதிரைக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்வது நமக்கு அழகன்று. அவருக்கு வரும்படி சித்திரை, வைகாசிச் சீசனில். செலவோ அதற்கு முந்திய வறண்ட மாதங்களில். பத்துப் பேர் கூடிச் சீசன் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, புரட்டாசியில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரையைத் தொடாத மரச்சட்டத்தின்மேல் அடுக்கி வைப்பதே சாத்தியமான பரிகாரம். மேலே நல்ல புல்லும் உள்ளே மக்கியதுமாகக் கட்டி விற்ற வியாபாரியிடமும் அவர் ஏமாந்து நிற்க வேண்டியதில்லை. சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே பொருள் வாங்குகிறவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே ஆவார். மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம், 5 லட்ச ரூபாய் வரையுள்ள சரக்குக்கு மனுக் கட்டணமும் இல்லை. அதற்கு வேண்டுவன விலைச்சீட்டு, கட்டைப் பிரித்த அன்றே எடுத்த படம், பூஞ்சை பிடித்த கட்டு ஒன்றை அப்படியே எடுத்து வைப்பது ஆகியவையே. மற்றக் கட்டுகளை எருக்குழியில் கொட்டிவிடலாம்.