28 மணி நேரத்தில் எவ்வளவு ஜப்பானியம்?

ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேரும் வெளிநாட்டு மாணவர் அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். வகுப்போ பெரும்பாலும் அரை நாள்தான். ஆக, வகுப்பறையைவிட வேலையிடத்தில் கழியும் நேரம் கூடிவிடலாம். எந்தப் பள்ளி என்று அலசுகிற குடும்பங்கள், என்ன வேலை என்பதையும் அதே அளவு அலச வேண்டும். கன்வீனியன்ஸ் ஸ்டோர் கல்லாவில் நிற்பவர் மரியாதைச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வாடிக்கையாளரின் வேகத்துக்குக் காது பழகுகிறது. ஜேஎல்பிடி மொழித் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது என்பதால், தேர்வுக்காக மட்டும் படிப்பவருக்கு இந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை. உணவுப் பொட்டலத் தொழிற்சாலையில் முகக்கவசத்தோடு இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கோ பேச்சுக்கே வேலையில்லை. மறுநாள் வகுப்பில் தூக்கம்தான் மிச்சம்.

கடன் வாங்கி வந்தவர் கூலியைப் பார்க்காமல் மொழியையா பார்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இரவு 10 மணி முதல் காலை 5 வரை சட்டப்படியே 25 சதவீதம் கூடுதல் கூலி உண்டு. பேசத் தெரியாதவரைக் கல்லாவில் யார் நிறுத்துவார்கள் என்பதும் சரி. முதல் சில மாதங்கள் தொழிற்சாலை தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் நட்டம். மொழிப் பள்ளிப் படிப்புக்கு அதிகபட்சம் 2 ஆண்டுதான். அதன்பின் மேற்படிப்போ நிலையான வேலையோ, நேர்காணலில் வாய்திறந்து பேசியாக வேண்டும். கூலிக்காக 28 மணி நேரத்தைத் தாண்டினால் விசா நீட்டிப்பே மறுக்கப்படலாம். ஏஜென்ட்டிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, அந்த வேலையில் யாரோடு பேச வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள்.